குளச்சல் காற்றில் எட்டு ஆண்டுகள்: தோல் இருக்கையும் செயற்கைத் தோல் இருக்கையும்

2016-இல் நாங்கள் வாங்கிய பெரிய காருக்கு வெளிர் பழுப்பு நிறத்தில் அசல் தோல் இருக்கைகள் அமைந்திருந்தன. அதே ஆண்டில் மனைவியின் சிறிய காருக்கு நாகர்கோவிலில் ஒரு கடையில் உறை தைத்துப் போட்டோம். வீடு குளச்சலில், அலையோசை கேட்கும் தொலைவில். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டையும் வாங்கும் மாவட்டத்தில், காருக்குள் ஈரம் முழுதாக வற்றும் மாதங்கள் மிகக் குறைவு.

தோல் செருப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பழகிய கை, முதல் கோடையிலேயே இருக்கைக்கும் தடவிவிட்டது. இரண்டு நாள் மினுமினுத்தது. பிறகு வேட்டியில் கறை, இருக்கையில் தூசு, மழை தொடங்கியதும் தையல் ஓரமெங்கும் சாம்பல் பச்சையாகப் பூசணம். இன்றைய கார்களின் தோலில் பெரும்பாலானவற்றுக்கு நிறப்பூச்சின் மேல் பாலியூரித்தேன் என்னும் நெகிழியால் ஆன மெல்லிய படலம் ஒன்று உண்டு என்பதையும், எண்ணெய் அதைத் தாண்டி உள்ளே போகாமல் மேலேயே தங்கி, தையல் துளைகளில் மட்டும் இறங்கும் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நான்காம் ஆண்டில் ஓட்டுநர் இருக்கையின் மடிப்புகளில் கருங்கோடுகள் தெரிந்தபோது, தோல் வெடித்துவிட்டதென்றே எண்ணினேன். மென்மையான சோப்பு நீரின் நுரையை மட்டும் பழைய பல்துலக்கியில் எடுத்து, அழுத்தாமல் சுற்றித் தேய்த்தபோது நுரை காப்பி நிறமாயிற்று, கோடு மறைந்தது. வியர்வையும் மண்ணும் சேர்ந்து உறைந்த அழுக்குதான் அது. விட்டுவைத்திருந்தால் உட்காரும்போதெல்லாம் உப்புத்தாள் போல அந்தப் படலத்தை அராவியிருக்கும். அன்று முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தூசு உறிஞ்சி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றி, நிழலில் கதவுகளைத் திறந்து வைக்கிறேன். விலை உயர்ந்த தோல் கிரீமையும் மலிவானதையும் இருக்கைக்கு ஒன்றாக ஓராண்டு பூசிப் பார்த்ததில், என் கண்ணுக்கு வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

சிறிய காரின் கதை வேறு. ‘நாப்பா’ (மென்மையான அசல் தோல் வகை) என்று சொல்லி விற்ற அந்த உறை அசல் தோலன்று, துணியின் மேல் பாலியூரித்தேன் பூசியது என்பது ஐந்தாம் ஆண்டில் அது உரியத் தொடங்கியபோதுதான் விளங்கியது. தலை படும் இடத்தில் தொடங்கி, வெங்காயச் சருகு போலச் செதில் செதிலாகச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தது. காற்றின் ஈரமே இவ்வகைப் பூச்சின் பிணைப்பைச் சிதைக்கும் என்பதால், உரியத் தொடங்கியபின் எந்தக் கிரீமாலும் அதை ஒட்டவைக்க முடியாது. 2020-இல் நாள்தோறும் சானிடைசர் தொட்டுத் துடைத்ததும் அதன் ஆயுளைக் குறைத்திருக்க வேண்டும்.

2022-இல் பி.வி.சி. ரெக்சினுக்கு மாறினோம். அது ஈரத்துக்கு அவ்வளவாக அஞ்சாது. ஆனால் வெயிலில் நெகிழ்வூட்டும் பொருள் மெல்ல வெளியேறி விறைத்துப்போகும் என்பதால், காரை நிழலில் நிறுத்துவதும் கண்ணாடிக்குத் திரை போடுவதும் கட்டாயமாயின. தைக்கும்போது, இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை (ஏர்பேக்) வெளிவரும் இடத்தை மூடாமல் விடச் சொன்னேன். தலைசாய்க்கும் இடத்தில் இப்போது ஈரிழைத் தோர்த்து (துண்டு) ஒன்று கிடக்கிறது. பார்க்க அழகில்லை என்று மகன் முகம் சுளித்தாலும், வாரம் ஒருமுறை துவைக்கும்போது அதிலிருந்து இறங்கும் எண்ணெய்ப் பசையைப் பார்த்தபின் அதை எடுக்க எனக்கு மனமில்லை.