மொட்டை மாடிக்கு எந்தப் புனுவல்?

வியாசர்பாடியில் எங்கள் மொட்டை மாடித் திரையிடலுக்கு ஸ்பெயின் நாட்டு இயக்குநர் லூயிஸ் புனுவலின் இரண்டு அரசியல் பகடிப் படங்கள் போட்டியில் இருந்தன.

1962-இல் மெக்சிகோவில் கறுப்பு வெள்ளையில் எடுத்த 'தி எக்ஸ்டர்மினேட்டிங் ஏஞ்சல்': விருந்து முடிந்த பணக்காரர்களால், கதவு திறந்திருந்தும் அறையை விட்டு வெளியேற முடியவில்லை. ஏன் என்று படம் சொல்லாது. வேலைக்காரர்களில் பெரும்பாலோர் முன்பே நழுவிவிடுகிறார்கள், அதுதான் குத்தலே. தாகத்தில் விருந்தினர்கள் சுவரை உடைத்துக் குழாய்த் தண்ணீருக்கு முண்டுகிறார்கள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்ற எங்கள் தெருவுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டாம். வீட்டுக்குள் ஆடுகள் திரிகின்றன; கடைசியில் ஓர் ஆட்டு மந்தை தேவாலயத்துக்குள் நுழைகிறது; தெருவில் துப்பாக்கிச் சத்தம். மேய்ப்பர் யார் என்று நாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

1972-இல் வந்த 'தி டிஸ்கிரீட் சார்ம் ஆஃப் தி பூர்ஷ்வாசி' நேர் எதிர். இங்கே விருந்தே நடக்காது. பிணம், ராணுவம், கனவு என்று ஏதாவது குறுக்கே வரும். கற்பனை நாட்டுத் தூதர் கொக்கைன் கடத்துவார். தேநீர் விடுதியில் டீ தீர்ந்துபோகும் (எங்கள் முக்குக் கடைக்காரர் நம்பவே மாட்டார்). ஆஸ்கர் வாங்கிய படம்தான், ஆனால் கனவுக்குள் கனவு. நடுவில் எழுந்து போனவருக்குப் பிடி கிடைக்காது.

என் ஓட்டு கறுப்பு வெள்ளைக்கு. சரி, மற்றதை அடுத்த மாதம் போடலாம், எல்லாரும் சாப்பிட்ட பிறகு.