பந்தயத் தடத்துக்குப் போன காரும் ரூ.1,12,000 வாரன்டியும்

பெங்களூருவில் ஓர் ஐரோப்பிய கார் நிறுவனத்தின் விற்பனை நிலையத்தில் ரூ.1,12,000 கட்டி, என் காரின் வாரன்டியை மூன்றாம், நான்காம் ஆண்டுகளுக்கு நீட்டித்துக்கொண்டேன். அந்த வாரன்டிக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். அதே நிலையத்தின் பணிமனையில் என் காரைப் பிரித்துப் பார்த்த தர்மபுரித் தம்பிக்கு ஐந்துக்கு ஐந்து. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. என்னைச் சிக்கவைத்த வரி, சொற்கள் சற்று மாறி, வேகக் கார்களின் வாரன்டி புத்தகங்கள் பலவற்றிலும் இருக்கிறது. வாங்கப்போகிறவர் தேட வேண்டியது அந்த வரியைத்தான்.

நான் அல்சூர்க்காரி. காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் வேலையில் 19 ஆண்டுகள் இருக்கிறேன். அப்பா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்க்கும் டர்னராக இருந்தவர். நான் பள்ளிக்கூடச் சிறுமியாக இருந்தபோது சென்னைக்கு அருகே சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயத்துக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வண்டியில் எந்த சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று சொல்வார். 2021 மார்ச்சில் ரூ.41 லட்சத்துக்கு இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் கொண்ட ஒரு வேகக் காரை வாங்கியபோது, வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போக மட்டும் நான் அதை வாங்கவில்லை. அதை விற்றவர்களும் அப்படி விற்கவில்லை. திரையில் 'டிராக்' என்றொரு ஓட்டுமுறை இருக்கிறது. ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி என்று கணக்கிடும் கடிகாரமும் அதற்குள்ளேயே இருக்கிறது. விற்பனைக் கூடத்தின் சுவர் முழுவதும் பந்தயத் தடத்தின் சிவப்பு வெள்ளை ஓரக்கட்டையில் சக்கரம் ஏறி நிற்கும் படம்.

வாரன்டி புத்தகத்தின் விலக்குப் பகுதியில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். பந்தயம், போட்டி "அல்லது அதையொத்த பயன்பாடு" காரணமாக ஏற்படும் பழுதுகளுக்குப் பொறுப்பில்லை. நீட்டிப்புக்குக் கையெழுத்திடும் முன்பே 'அதையொத்த' என்ற சொல்லில் என் விரல் நின்றுவிட்டது. போட்டி இல்லாமல், நேரத்துக்குப் பரிசு இல்லாமல், ஒரு நாள் கட்டணம் கட்டித் தடத்தில் ஓட்டுவது இதில் அடங்குமா என்று கேட்டேன். "அடங்காது மேடம், இது அதற்கென்றே செய்த கார்" என்றார் விற்பனை ஆலோசகர். அதை ஒரு மின்னஞ்சலாக வாங்கியிருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி நஷ்டப்பட்டவர்களின் கோப்புகளை ஆண்டுக்கணக்கில் படித்த நான் அன்று அதைச் செய்யவில்லை. இந்த விமர்சனத்தை எழுதுவதற்கு அதுவே பெரிய காரணம்.

காப்பீட்டையும் வாரன்டியையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். தடத்தில் சுவரில் மோதினால் அது காப்பீட்டின் கேள்வி. நம் நாட்டில் தனியார் கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்புகள்' என்ற பத்தி இருக்கும். வாடகைக்கு விடுவது, சரக்கு ஏற்றுவது ஆகியவற்றோடு ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், முன்னோடியாக ஓட்டுதல், வேகச் சோதனை, நம்பகச் சோதனை ஆகியவையும் அங்கே வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பத்தி கடுமையானது, ஆனால் நேர்மையானது. எதெது கூடாது என்று எண்ணிச் சொல்கிறது. தடத்தில் கார் நொறுங்கினால் அந்தச் செலவு என்னுடையது என்று தெரிந்துதான் நான் ஹெல்மெட்டை மாட்டுகிறேன். வாரன்டி அப்படி எதையும் எண்ணிச் சொல்லவில்லை. 'அதையொத்த' என்ற ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, தேவைப்படும்போது அதை விரித்துக்கொள்ளும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டது.

2024 டிசம்பரில் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு டிராக் டேக்கு, அதாவது கட்டணம் கட்டித் தடத்தில் ஓட்டும் நாளுக்கு, பதிவு செய்தேன். ஒரு வாரத்துக்கு முன்பு காரை அதே பணிமனையில்தான் விட்டேன். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். தடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தும்போது அது கொதித்தால் பெடல் பஞ்சுபோலத் தரைவரை போய்விடும். ஆகவே திரவத்தை மாற்றச் சொன்னேன். எண்ணெய், டயர், சக்கர போல்ட், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் அளவு எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னேன். ரூ.14,300 பில் வந்தது. பில்லின் கீழே "டிராக் டேக்கு முன் பரிசோதனை, குறை எதுவும் இல்லை" என்று அவர்களே எழுதியிருந்தார்கள். இந்த பில்லை நினைவில் வையுங்கள்.

அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி ஒசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1990-இல் திறக்கப்பட்ட அந்தத் தடம் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். சாலையில் நான்கு ஆண்டு ஓட்டியும் எனக்குப் புரியாத என் கார், முதல் இருபது நிமிடத்தில் புரிந்தது. பிரேக்கை எங்கே விட வேண்டும், பின்பக்கம் எப்போது லேசாகும், ஸ்டியரிங்கை எவ்வளவு மெதுவாகத் திருப்பினால் போதும் என்பதையெல்லாம் பக்கத்து இருக்கையில் அமர்ந்த பயிற்றுநர் கைவிரலாலேயே காட்டினார். நான்கு முறை களமிறங்கினேன். ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி எஞ்சினையும் பிரேக்கையும் ஆறவிட்டேன். அப்பா இருந்திருந்தால் தடத்தோரம் கார்கள் வந்து நிற்கும் பிட் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார். மறுநாள் கார் ஒரு முனகலும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது.

பிரேக் பேட்கள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன, முன் டயர்களின் தோள்பகுதி உரிந்திருந்தது. அவற்றுக்கு நானே பணம் கொடுத்தேன். தேயும் பொருள் தேய்வதற்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. டிராக் டே முடிந்து டிஸ்க் வளைந்துவிட்டது என்று வாரன்டி கேட்டு நிற்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஐந்து வாரம் கழித்து, ஜனவரியில், சில்க் போர்டு சந்திப்பில் நாற்பது நிமிடம் ஊர்ந்துகொண்டிருந்தபோது கூலன்ட் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வீட்டில் வந்து பார்த்தால் அடியில் இளஞ்சிவப்பாக ஒரு குட்டை. பணிமனையில் அந்தத் தம்பி உடனே கண்டுபிடித்தார். "தண்ணீர் பம்ப்பின் பிளாஸ்டிக் உறையில் கீறல் அக்கா. இந்த எஞ்சினில் இது நான் பார்க்கும் ஆறாவது வண்டி" என்றார். மற்ற ஐந்தும் அவுட்டர் ரிங் ரோட்டைத் தாண்டாத வண்டிகள் என்றும் சொன்னார். பம்ப், உறை, சீல்கள், கூலன்ட், வேலைக் கூலி எல்லாம் சேர்த்து ரூ.1,38,000.

மூன்றாம் நாள் சர்வீஸ் மேலாளர் தொலைபேசியில் அழைத்து வாரன்டி மறுக்கப்பட்டதாகச் சொன்னார். காரணம், கார் பந்தயத் தடத்தில் ஓடியிருக்கிறது. ஆதாரமாக அவர் காட்டியவை இரண்டு. காரின் கணினியில் பதிவாகியிருந்த சுற்று நேரங்கள், அவர்களே எழுதிக் கொடுத்த அந்த ரூ.14,300 பில்.

எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. காருக்குள் கடிகாரத்தை வைத்து விற்றவர்கள், அதை நான் பயன்படுத்தியதை எனக்கெதிரான சாட்சியாக வைக்கிறார்கள். தடத்துக்குப் போகிறது என்று தெரிந்தே பரிசோதித்துப் பணம் வாங்கியவர்கள், அந்த ரசீதையே மறுப்புக்குக் காரணமாகக் காட்டுகிறார்கள். ஆனால் கோபத்தோடு எழுதும் கடிதம் பயன்படாது என்பது என் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். இரண்டு நாள் பொறுத்துவிட்டு எழுதினேன்.

முதலில், கணினியின் முழுப் பதிவையும் அச்செடுத்துத் தரும்படி கேட்டேன். அவர்கள் சுற்று நேரத்தை மட்டும் காட்டினார்கள், வெப்பநிலையைக் காட்டவில்லை. தயங்கித் தயங்கித் தந்த அந்தத் தாளில் தடத்தில் கூலன்டின் உச்ச வெப்பம் 104 டிகிரி, எண்ணெயின் உச்சம் 128. எஞ்சின் சுழற்சி ஒருமுறைகூடச் சிவப்புக் கோட்டை, அதாவது அதற்கு வகுத்த உச்ச எல்லையைத் தாண்டவில்லை. அந்தக் கியர்பாக்ஸ் அதை அனுமதிப்பதும் இல்லை. எச்சரிக்கை எதுவும் பதிவாகவில்லை. அதே தாளில், பெங்களூரு நெரிசலில் ஒரு மே மாத மாலையில் கூலன்ட் 107 டிகிரியைத் தொட்டிருந்தது.

அடுத்து, விலக்கு வாக்கியத்தில் இருக்கும் 'காரணமாக' என்ற சொல்லைச் சுட்டிக்காட்டினேன். தடத்தில் ஓடிய கார் என்று அது சொல்லவில்லை, அந்தப் பயன்பாடு காரணமாக வந்த பழுது என்கிறது. பிளாஸ்டிக் உறை சூடாகி ஆறி, சூடாகி ஆறி நாளடைவில் கீறல் விடுவதற்கும் நான் ஒரு நாள் ஓட்டியதற்கும் உள்ள தொடர்பைத் தொழில்நுட்பக் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள் என்றேன். போட்டி என்ற வாதத்துக்கும் பதில் எழுதினேன். நம் நாட்டில் தேசியப் பந்தயத்தில் இறங்க இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்கும் உரிமம் வேண்டும். என்னிடம் அது இல்லை. அன்று பரிசும் இல்லை, தரவரிசையும் இல்லை. பயிற்றுநர்தான் இருந்தார்.

இதைத் தெளிவாக எழுத முடியாது என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. ஹூண்டாய் தன் 'என்' (N) வகை வேகக் கார்களுக்கு ஆஸ்திரேலியாவில் போட்டியல்லாத, நேரம் கணக்கிடாத தட ஓட்டமும் வாரன்டிக்குள் அடங்கும் என்று வெளிப்படையாக அறிவித்து விற்றது. ஜப்பானில் நிசான் ஜிடி-ஆர் இன்னொரு வழி கண்டது. மணிக்கு 180 கிலோமீட்டர் என்ற வேக வரம்பை, அங்கீகரிக்கப்பட்ட தடத்தில் நிற்பதைச் செயற்கைக்கோள் வழியே கார் அறிந்தால் மட்டுமே நீக்க முடிந்தது. அதன் பிறகு குறிப்பிட்ட பணிமனையில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்க வேண்டியிருந்தது, வாரன்டி தொடர அது நிபந்தனை. செலவுதான், ஆனால் முன்கூட்டியே தெரிந்த செலவு. அமெரிக்காவில் டொயோட்டா ஜிஆர்86 வாங்குகிறவருக்கு ஒரு மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் ஓராண்டு உறுப்பினர் உரிமையும் ஒரு நாள் தட ஓட்டப் பயிற்சியும் காரோடு வருகின்றன. பந்தயத்தை அங்குள்ள வாரன்டியும் விலக்கத்தான் செய்கிறது. கற்றுக்கொள்வதும் போட்டியிடுவதும் வேறு வேறு என்று அவர்களால் பிரிக்க முடிகிறது என்றால், ரூ.41 லட்சம் வாங்கியவர்களாலும் முடியும்.

கடிதத்தின் கடைசியில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டேன். கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். நான் மிரட்டவில்லை, தேதியை மட்டும் எழுதினேன்.

பதினோரு நாள் கார் பணிமனையில் கிடந்தது. மாற்று வண்டி தரவில்லை, நானும் மெட்ரோவில் போய்வந்தேன். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. உதிரிபாகங்கள் முழுவதும் இலவசம், வேலைக் கூலி ரூ.31,000 மட்டும் நான் கட்ட வேண்டும். கூடவே ஒரு சொல்: 'நல்லெண்ண அடிப்படையில்'. கூலியைக் கட்டினேன், கார் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் அந்தச் சொல்லை ஏற்கவில்லை, கோரிக்கை வாரன்டியின்படி நியாயமானது என்பதே என் நிலைப்பாடு என்று பில்லின் மேலேயே எழுதிக் கையெழுத்திட்டேன். நல்லெண்ணம் என்று ஒத்துக்கொண்டால் அடுத்த முறை அவர்களுக்கு எந்தக் கடமையும் இல்லாமல் போகும்.

இரண்டு மதிப்பெண் எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். இதே வாரன்டியில் சென்ற ஆண்டு பின்பக்க மின்னணு ஷாக் அப்சார்பர் ஒன்றையும் நடுத்திரையையும் ஒரு கேள்வி கேட்காமல் மாற்றினார்கள். அவை மட்டுமே நான் கட்டிய தொகையைத் தாண்டும். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு இந்த நீட்டிப்பு லாபமே, தயங்காமல் வாங்கலாம். எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி சக்தியைக் கூட்டியவர்கள் வாங்க வேண்டாம், பரிசோதனையில் அது தெரிந்துவிடும், அந்த மறுப்பில் நியாயமும் உண்டு. தடத்துக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள் கையெழுத்திடும் முன் ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். போட்டியல்லாத ஓட்டம் அடங்குமா, எந்தெந்தப் பாகத்துக்கு, தடத்திலிருந்து திரும்பியதும் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். பதிலை அச்செடுத்து வாரன்டி புத்தகத்துக்குள் வையுங்கள்.

ஐந்தாம் ஆண்டுக்கான நீட்டிப்பு ரூ.74,000 என்று இந்த மார்ச் மாதம் 6-ஆம் தேதி செய்தி வந்தது. அன்றே இந்த மூன்று கேள்விகளையும் எழுதி அனுப்பினேன். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது, பதில் இல்லை. பணம் கட்டக் கடைசி நாள் 28. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஏப்ரலில் ஒரு டிராக் டேக்குப் பதிவு செய்துவிட்டேன். பிரேக் திரவம் மாற்ற இந்த முறை ஜே.சி. ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பணிமனையில் நேரம் கேட்டிருக்கிறேன்.