60 ஆம்பியர் போதும்: குவிக்ரன் 10பிஎல்60 இஎஸ்சி, நாலு மாதம் ஓட்டிய பிறகு

முதல் தடவை ரிமோட் காருக்கு இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) வாங்கும்போது ஆம்பியரைப் பார்த்து வாங்கி எல்லாரும் பண்ணும் தப்பைத்தான் நானும் பண்ணினேன். டமியா டிடி-02 காரில் இருந்த 540 பிரஷ் மோட்டாரைக் கழற்றிவிட்டு, பெட்டியில் 120 ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு பிரஷ்லெஸ் செட்டை (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாரும் அதற்கான இஎஸ்சியும்), எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், ஆசை ஆசையாக மாட்டினேன். நேராக விட்டால் பறந்தது. ஆனால் நாங்கள் ஓட்டுவது கோவையில் ஒரு கம்பெனியின் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில், சாக்பீஸில் கோடு கிழித்து; அங்கே நேர்ப்பாதை என்று பத்துப் பதினைந்து மீட்டர்தான், மீதியெல்லாம் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்ப த்ராட்டிலைத் தொட்டால் வண்டி டக்டக்கென்று விக்கும், ஒரு நொடி நடுங்கும், அப்புறம் கயிறு அறுத்த கன்றுக்குட்டி மாதிரி சுவரைப் பார்த்துப் பாயும்.

அந்த விக்கலுக்குக் காரணம் ஆம்பியர் இல்லை, சென்சார் இல்லாததுதான். மோட்டார் சுற்றும்போது அதிலிருந்து திரும்பி வரும் மின்னழுத்தத்தை வைத்துத்தான் அந்த வகை இஎஸ்சி காந்தம் எங்கே நிற்கிறது என்று கணிக்கும். நின்றுபோனால் அந்த மின்னழுத்தமே கிடையாது, குத்துமதிப்பாகத்தான் தள்ளிப் பார்க்கும். சென்சார் உள்ள மோட்டாரில் காந்தத்தை உணரும் மூன்று ஹால் சென்சார்கள் உட்கார்ந்து, ஆறு பின் உள்ள ஒரு மெல்லிய ஒயர் வழியாக இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் ஹாபிவிங்கின் குவிக்ரன் 10பிஎல்60 சென்சார்டு, கூட ஒரு 17.5 டர்ன் மோட்டார் (டர்ன் என்பது உள்ளே கம்பி சுற்றிய சுற்றின் எண்ணிக்கை) என்று மாறினேன். மாட்டிய முதல் நாள் வீட்டுக் கூடத்திலேயே காரை எறும்பு வேகத்தில் நகர்த்தி நகர்த்திப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், வீட்டில் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வெறும் 60 ஆம்பியர்தானா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2எஸ் லைப்போவின், அதாவது இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரியின், 7.4 வோல்ட்டால் பெருக்கினால் 444 வாட். நம்ம ஊர் அரை எச்.பி. பம்பு மோட்டாரே 373 வாட்தான்! ஒன்றரைக் கிலோ காருக்கு இதற்கு மேல் எதற்கு? மோட்டாரை முடிவு பண்ணிவிட்டு இஎஸ்சிக்கு வாருங்கள், தலைகீழாகப் போகாதீர்கள். டர்ன் குறையக் குறைய வேகம் கூடும், இழுக்கும் கரன்ட்டும் கூடும். 21.5, 17.5, 13.5 வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். அதற்கும் கீழே இறங்கப் போகிறீர்கள் என்றால், கூடவே ஓட்டுகிற இடமும் மண்ணும் மேடுமாக இருந்தால், 120, 160 ஆம்பியர் பக்கம் போவதில் நியாயம் இருக்கிறது. ஸ்டாக் கிளாஸில் (மோட்டாருக்கு வரம்பு வைத்த போட்டிப் பிரிவில்) ஓட்டுகிறவர்கள் பிளிங்கி மோடு, அதாவது இஎஸ்சி தானாக டைமிங் ஏற்றி வேகத்தைக் கூட்டாத மோடு, இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள்.

பொருத்தும்போது நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஏ, பி, சி என்று மூன்று மோட்டார் ஒயர்கள். சென்சார் இல்லாத செட்டில் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். அதே பழக்கத்தில் இங்கேயும் மாற்றினேன். மோட்டார் உறுமியது, நல்லவேளையாக உடனே ஸ்விட்சை அணைத்தேன். சென்சார் ஒயர் போட்டால் ஏ-க்கு ஏ, பி-க்கு பி, சி-க்கு சி, அவ்வளவுதான். இன்னொரு நாள் பழைய விக்கல் திரும்ப வந்தது. இஎஸ்சிதான் போச்சு என்று பயந்து பாடியைக் கழற்றினால், நான் ஒழுங்காகக் கட்டாத சென்சார் ஒயர் பாதி கழன்று தொங்குகிறது. அது இல்லாமலும் இந்த இஎஸ்சி ஓடும், அதனால்தான் சட்டென்று பிடிபடவில்லை. இப்போது ஒரு குட்டி ஜிப் டை.

குறை இல்லாமல் இல்லை. தண்ணீர் ஆகாது, மழையில், ஈர மண்ணில் ஓட்டுகிறவர்கள் பெயரின் முன்னால் டபிள்யூபி என்று இருக்கும் மாடலைப் பாருங்கள், ஆனால் டபிள்யூபி 10பிஎல்60 சென்சார் இல்லாதது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிரஷ் மோட்டாரையே வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு இது வேலைக்கே ஆகாது, அவர்களுக்குக் குவிக்ரன் 1060 போதும். அதில் பேட்டரி லைப்போவா நிக்கலா என்று ஒரு குட்டி ஜம்பரில் (சொருகிக் கழற்றும் பின்னில்) மாற்ற வேண்டும், அதை மறந்தால் லைப்போ பேட்டரி பலூன் மாதிரி உப்பிவிடலாம்.

இஎஸ்சியின் செட்டிங்கை மாற்ற உதவும் புரோகிராம் கார்டு தனியாகத்தான் வாங்க வேண்டும். அது இல்லாமல் பட்டனை அமுக்கி, பீப்பை எண்ணி, எண்ணிக்கை தப்பி, திரும்ப முதலிலிருந்து என்று எனக்கு ஒரு ஞாயிறு காலை முழுக்கப் போனது. கார்டையும் சேர்த்தே ஆர்டர் போடுங்கள்.