ரொறன்ரோவின் 25 வட்டாரங்கள்: ஏழு வருடப் பாவனைக்குப் பிறகு

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். திருப்பிக் கொடுக்க வழியில்லாத பொருள், அதனால் விமர்சனமாவது எழுதி வைப்போம்.

நகரசபை வட்டாரம் என்பதும் ஒரு சேவைதான். வரி கட்டுகிறோம், பதிலுக்கு நம் தெருவுக்காகப் பேச ஒரு ஆள். 2018 வரை ரொறன்ரோவில் அப்படி 44 கவுன்சிலர்கள் இருந்தார்கள், நகரின் கிழக்கே இருக்கும் எங்கள் ஸ்காபரோவுக்கு மட்டும் 10 பேர். அந்த 44 வட்டார வரைபடம் பழசாகிவிட்டது என்பது உண்மை. நகர மையத்திலும் வடக்கே வில்லோடேல் பக்கமும் கொண்டோ அடுக்குமாடிகள் மாடி மாடியாக எழும்ப, அங்கே ஒரே கவுன்சிலர் தலையில் ஆட்கள் குவிந்துகொண்டே போனார்கள், வேறு சில வட்டாரங்களில் அதில் பாதியளவுதான். இதைச் சரிக்கட்ட 2013 இல் வேலை தொடங்கி, ஊர் ஊராகக் கூட்டம் வைத்து, 2026 இல் எங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்றும் கணக்குப் பார்த்து, 47 வட்டாரங்களாக வரைந்தார்கள். 2016 இல் நகரசபை ஏற்றுக்கொண்டது, எதிர்த்துப் போட்ட மேன்முறையீட்டையும் தாண்டி வந்தது. அதாவது அளவெடுத்துத் தைத்த சட்டை, போட்டுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

போட விடவில்லை. 2018 ஜூலை 27, வேட்புமனுவுக்குக் கடைசி நாள். அன்றைக்குத்தான் ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் முதல்வர் டக் போர்ட் 25 பேர் போதும் என்று அறிவித்தார். ஆகஸ்டில் சட்டம், அக்டோபர் 22 இல் தேர்தல். நடுவில் ஒரு நீதிபதி அதைச் செல்லாதென்றார், ஒன்பது நாளில் மேல்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது, 2021 இல் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்று மாகாணத்தின் பக்கம் சாய்ந்தது. சரி, அந்த 25 கோடுகள் எங்கிருந்து வந்தன? மத்திய நாடாளுமன்றத் தொகுதிகளை அப்படியே எடுத்துப் போட்டார்கள். மூத்தவனுக்குத் தைத்த சட்டையை இளையவனுக்கு மாட்டிவிட்ட கதை.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஆட்தொகையைச் சமமாகப் பிரிப்பதில் இந்த 25 அவ்வளவு மோசமில்லை, 2016 கணக்கெடுப்பின்படி ஒரு வட்டாரத்துக்குச் சராசரி 1,09,000 பேர். ஆனால் முன்பு அது 62,000! எல்லோருக்கும் சமமாகப் பகிர்ந்தார்கள், அகப்பைதான் சிறுத்துவிட்டது. நான்கு வருடத்தில் 2.5 கோடி டாலர் மிச்சம் என்றார் முதல்வர். பிறகு ஒவ்வொரு கவுன்சிலருக்கும் பணியாளர் செலவைக் கூட்ட வேண்டி வந்தது, அதையும் அந்தக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோவில் 10 பேர் 6 ஆனார்கள். நாடாளுமன்ற உறுப்பினரிடம் யாரும் தெருவில் வேகத்தடை போடச் சொல்லியோ, பக்கத்து வீட்டு வேலி உயரத்தைப் பற்றியோ போவதில்லை, கவுன்சிலரிடம்தான் போவோம். அந்த வேலைக்கு அவ்வளவு பெரிய தொகுதி எதற்கு? போட்டியும் தலைகீழானது. பழைய 42ஆம் வட்டாரக் கவுன்சிலர் நீதன் சண், பெருத்துப்போன 25ஆம் வட்டாரத்தில் நின்று ஜெனிபர் மக்கெல்வியிடம் 154 வாக்கில் தோற்றார். 2025 இடைத்தேர்தலில்தான் திரும்பி வந்தார்.

அந்த 2025 இல்தான் உச்சக்கட்டம். பெப்ரவரியில் மாகாணத் தேர்தல், ஏப்ரலில் மத்திய தேர்தல். பக்கத்து வீட்டு மாமி இரண்டு வாக்காளர் அட்டைகளையும் பிடித்துக்கொண்டு வந்தார். மாகாண அட்டையில் தொகுதியின் பேர் ஸ்காபரோ-ரூஜ் பார்க், மத்திய அட்டையில் ஸ்காபரோ-கில்ட்வுட்-ரூஜ் பார்க்.

"தம்பி, நாங்கள் வீடு மாறேல்லையே, ஏன் பேர் மாறியிருக்கு?"

மத்திய அரசு ஆட்தொகை பார்த்துத் தொகுதிகளைத் திரும்ப வரைந்துவிட்டது மாமி, ரொறன்ரோவுக்கு 25 போய் இப்போது 24 என்றேன். மூத்தவன் புதுச்சட்டைக்கு மாறிவிட்டான், இளையவன் இன்னும் அவனுடைய பழசையே போட்டுக்கொண்டு திரிகிறான்.

"அப்ப நகரசபைக்கு எந்தப் பேர்?"

"பழைய பேர்தான்."

மாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, இரண்டு அட்டைகளையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். ஒன்றுக்குக் காலாவதி ஆகி இரண்டு மாதமாகிவிட்டதை நான் சொல்லவில்லை.