துண்டா, ஒப்பந்தமா?

கடல் கடந்து தோட்ட வேலைக்குப் போன தமிழருக்கு, ஒப்பந்தக் கூலி முறையைவிடக் கங்காணி முறை மேலா?

1834இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பிரிட்டன் ஒதுக்கிய 2 கோடி பவுண்டும் எசமானர்களுக்கே; அடிமைகளுக்குச் சல்லிக்காசு இல்லை. அதன்பின் மொரீசியசின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். மதுரைச் சீமையிலிருந்து பலர் இலங்கைத் தோட்டங்களுக்கு, ஆள் திரட்டி வேலை வாங்கும் கங்காணியின் பின்னால் போனார்கள்.

மொரீசியஸ் ஒப்பந்தம் பெரும்பாலும் ஐந்தாண்டு. ஓடினால் சிறை. ஆனாலும் முடியும் நாள் தாளில் இருந்தது.

இலங்கையில் ஒரு மாத முன்னறிவிப்பில் விலகலாம் என்றது சட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! ஊர்க்காரரான கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு எல்லாம் கடனாக ஏறின. வேறு தோட்டம் போக ‘துண்டு’ வேண்டும்: கடனை அடைக்கும் தோட்டத் துரை ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்ற சீட்டு. ஆளுக்கு விலை எழுதிய சீட்டு என்பேன். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது.

குடும்பத்தோடு போகலாம் என்பதைத் தவிர, கங்காணி முறையில் எனக்கு நல்லது எதுவும் தெரியவில்லை. அப்படிப் போனவர்களின் சந்ததியில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் இலங்கைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். எஞ்சியவர்களுக்கு இப்போது மலையகத்தில் இந்தியா உதவியாக வீடு கட்டித் தருகிறது: முதலில் 4,000, பிறகு 2017இல் அறிவித்த 10,000.