பின்பக்கம் திறந்த பாக்ஸா, மூடிய பாக்ஸா? ராயபுரத்தில் ஒன்பது வருடம் கிட்டார் தூக்கியவனின் அனுபவம்

என்னிடம் கிட்டாருக்கு இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் இருக்கின்றன. ஒன்று பின்பக்கம் திறந்த ட்யூப் காம்போ, அதாவது வால்வில் ஓடும் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்; உள்ளே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். இன்னொன்று பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு தச்சரிடம் 18 மி.மீ. பிளைவுட்டில் அடித்து வாங்கிய மூடிய பாக்ஸ், உள்ளே இரண்டு 12 அங்குலம். காம்போ வந்து ஒன்பது வருடம், மூடியது வந்து ஆறு. சனி இரவு மெல்லிசைக் கச்சேரி, ஞாயிறு காலை சர்ச் கொயர், நடுநடுவே கானா மேடை. காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று இரண்டும் சுற்றாத தெரு குறைவு. பெரும்பாலும் மீன்பாடி வண்டியில்தான்.

கடையில் வாசித்துப் பார்த்து இதில் முடிவெடுக்க முடியாது. கடையில் நாம் பாக்ஸுக்கு எதிரே நிற்கிறோம். விஷயமோ அதன் முதுகுப் பக்கம் இருக்கிறது.

ஸ்பீக்கரின் கூம்பு, அதாவது கோன், முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்னால் போகிற அலையும் பின்னால் போகிற அலையும் ஒன்றுக்கொன்று தலைகீழ். முதுகு திறந்திருந்தால் பின் அலை ஓரமாகச் சுற்றி வந்து முன் அலையோடு சேரும். சேர்கிற இடத்தில் கனமான அடிச்சத்தம் (பேஸ்) அடிபட்டுப் போகும். கிட்டாரின் ஆறாவது தந்தியைச் சும்மா தட்டினால் 82 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் நாலு மீட்டருக்கு மேல். இரண்டடிப் பலகை அதைத் தடுத்து நிறுத்துமா? அதனால்தான் திறந்த பாக்ஸில் அடிச்சத்தம் மெலிகிறது. பதிலுக்கு ஒரு காற்றோட்டம் கிடைக்கிறது. சத்தம் பெட்டியிலிருந்து வருவது போல இருக்காது, அறையிலிருந்து வருவது போல இருக்கும். பெண்டரின் ட்வின் ரிவெர்ப், வாக்ஸ் ஏசி30, 1975-ல் வந்த ரோலண்டின் ஜேசி-120 போன்ற ஆம்ப்கள் எல்லாம் இந்த வகைதான்.

மூடிய பாக்ஸில் உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் போல வேலை செய்கிறது. கோன் கண்டபடி ஆடாது. உள்ளங்கையால் தந்தியை அமுக்கி அடித்தால் 'தும்' என்று நெஞ்சில் இடிக்கும். நாலு 12 அங்குலம் வைத்த மார்ஷல் பாக்ஸ் ராக் மேடைகளின் அடையாளமாக ஆனதில் இந்த இடிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அது சுமார் 36 கிலோ. எங்கள் மாடிப்படியில் அதை ஏற்றுகிறவன் மறுநாள் வாசிக்க வரமாட்டான்.

சரி, ஒரு ஸ்பீக்கர் காம்போவையும் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்பீர்கள். நியாயமில்லை. அது எனக்கு உறைக்கவே ஒரு வருடம் ஆனது. அப்புறம் தச்சரிடம் போய் மூடிய பாக்ஸின் முதுகுப் பலகையை மூன்றாக அறுக்கச் சொன்னேன். மேலும் கீழும் நிரந்தரம், நடுத்துண்டு மட்டும் எட்டு ஸ்குரூவில் கழற்றி மாட்டுகிற மாதிரி. அவர் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கறத ஏன் நைனா அறுக்கச் சொல்ற" என்றார். இனி திறந்தது, மூடியது என்று சத்தத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் அந்த ஒரே பாக்ஸில் பலகை போட்டும் எடுத்தும் கேட்டது.

எங்கள் வீட்டு முன்னறையில், சுவரை ஒட்டி வைத்தால் திறந்த பாக்ஸ் சோப்ளாங்கிதான். கோனிலிருந்து சுவர் ஒரு மீட்டர் இருக்கும்படி தள்ளி வைத்தேன், பாக்ஸே மாறியது போல இருந்தது. கணக்கு இதுதான்: பின் அலை சுவருக்குப் போய்த் திரும்ப இரண்டு மீட்டர். 86 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது பாதி அலை நீளம். தலைகீழாகக் கிளம்பியது நேராகித் திரும்பி வந்து முன் அலைக்குத் தோள் கொடுக்கிறது. அதே தூரத்தில் 170 பக்கம் ஒரு பள்ளம் விழும், அதுவும் உண்மை. காதால் கேட்டு ஒரு சாண் இப்படி அப்படி நகர்த்தினால் போதும். எந்த ஆம்ப் குமிழும் எனக்கு இவ்வளவு வித்தியாசம் காட்டியதில்லை. பலகையைப் போட்டு மூடினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

தெரு மேடையில் கதை வேறு. பின்னால் சுவர் கிடையாது, வெறும் திரைத்துணி. தண்டையார்பேட்டையில் ஒரு வரவேற்புக் கச்சேரியில் திறந்து வைத்து வாசித்தேன். இடைவேளையில் மேடைக்குப் பின்சந்திலிருந்து ஒரு ஆயா வந்து நின்றார். "இன்னா தம்பி, பாட்டு அந்தாண்ட, உன் பொட்டி மட்டும் எங்க வூட்டாண்ட பாடுது." முன் வரிசைக்குக் கேட்டதில் பெரும்பங்கு அவர் வீட்டுக்கும் போயிருக்கிறது.

அப்படியிருந்தும் கானா மேடைக்குத் திறந்ததையே எடுத்துப் போகிறேன். அங்கே மானிட்டர், அதாவது வாசிப்பவர்களுக்கே கேட்க வைக்கிற ஸ்பீக்கர், என்று ஒன்று இருந்தால் அதிசயம். டோலக், கீபோர்டு, கிட்டார் எல்லாம் நெருக்கியடித்து உட்காருவோம். மூடிய பாக்ஸ் எதிரே இருப்பவர் காதைக் கிழிக்கும். பின்னால் உட்கார்ந்த டோலக் அண்ணனுக்கு வெறும் உறுமல்தான் போய்ச் சேரும். முதுகு திறந்திருந்தால் அவருக்கும் கிட்டார் தெளிவாகக் கேட்கிறது, தாளம் பிசகுவதில்லை.

சர்ச்சில் நேர்மாறு. உயரமான பழைய கட்டடம், ஏற்கெனவே எதிரொலி நிரம்பி வழிகிறது. பின்னாலும் சத்தத்தைக் கொட்டினால் கொயரின் வார்த்தையே புரியாது. பலகையைப் போட்டு, பாக்ஸை நாற்காலியில் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, சத்தத்தைக் குறைத்துக்கொள்வேன்.

மைக் வைப்பதில் ஒரு குறிப்பு. திறந்த பாக்ஸுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மைக் வைத்தால் பின் மைக்குக்கு மிக்சரில் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் ரிவர்ஸ் பட்டனை அமுக்க மறக்கக்கூடாது. இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்று, சத்தம் தகர டப்பா ஆகிவிடும். நான் மறந்திருக்கிறேன், பல தடவை.

செய்யவே கூடாதவை இரண்டு. திறந்த கிட்டார் காம்போவில் பேஸ் கிட்டாரைச் சொருகக்கூடாது. அதன் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். கோனைப் பிடித்து நிறுத்தப் பின்னால் காற்று இல்லை. ஒரு தம்பிக்கு இரவல் கொடுத்து இரண்டாம் பாட்டிலேயே 'டப் டப்' என்று ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் அடியில் மோதும் சத்தம் கேட்டேன். மறுவாரம் கோன் மாற்றினேன். இன்னொன்று, அடிச்சத்தம் வேண்டுமென்று ட்யூப் காம்போவின் முதுகைப் பலகை வைத்து அடைப்பது. நான் அடைக்கப் போனேன். ரிச்சி தெருவில் ஆம்ப் பழுது பார்ப்பவர் ட்யூப் பக்கத்தில் என் கையைக் கொண்டுபோய்க் காட்டினார். அந்தச் சூடு வெளியேறத்தான் அந்த வாசல்.

கடற்காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது ராயபுரத்து அனுபவம் ஆகாது. திறந்த காம்போவில் ஸ்குரூ எல்லாம் இரண்டே வருடத்தில் துரு. ஸ்பீக்கர் சட்டத்தில் வெள்ளைப் பொரி. ஒருமுறை காம்போவில் எதிரொலி உண்டாக்குகிற ரிவெர்ப் ஸ்பிரிங் தானாகக் கிணுகிணுத்தது, டார்ச் அடித்தால் பல்லி. இப்போது பின்பக்கம் கொசுவலை அடித்திருக்கிறேன், சத்தத்தில் வித்தியாசம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இரண்டையும் கட்டில் மேல் ஏற்றித் தப்பித்தோம். பக்கத்து வீட்டு ஹோம் தியேட்டர் பார்ட்டிகிள் போர்டு, தண்ணீரில் ரஸ்க் மாதிரி ஊதிவிட்டது. பாக்ஸ் அடிப்பதென்றால் பிளைவுட்டிலேயே அடியுங்கள்.

மூடிய பாக்ஸின் வியாதி கசிவு. பலகை சரியாக உட்காராவிட்டால் அடித்தந்தியில் 'உஸ்' என்று மூச்சு விடும். கண்டுபிடிக்க ஊதுவத்தி போதும். ஆறாவது தந்தியை விடாமல் அடித்துக்கொண்டே இருங்கள், வேறு யாராவது ஊதுவத்தியைப் பலகை ஓரமாக மெல்ல நகர்த்தட்டும். எங்கே புகை நடுங்குகிறதோ அங்கே ஓட்டை. எனக்கு வயர் சொருகும் ஜாக் தட்டுக்குக் கீழே நடுங்கியது. சைக்கிள் கடையில் பழைய ட்யூபை வாங்கி விரல் அகலத்துக்கு வெட்டிச் சுற்றிலும் ஒட்டினேன். நாலு வருடமாக அசையவில்லை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நடுத்துண்டு கழற்றுகிற மாதிரி அடித்துக்கொள்ளுங்கள். கூலி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஸ்குரூக்களை ஒரு பல்பொடி டப்பாவில் போட்டுக் கூடவே எடுத்துப் போங்கள். என் எட்டில் இரண்டு காசிமேட்டு மேடைக்கு அடியில் எங்கோ கிடக்கின்றன. இப்போது ஆறில் ஓடுகிறது. வலது மேல் மூலை மட்டும் லேசாகக் கிடுகிடுக்கிறது.