கொடைக்கானல் கோல்ஃப் மைதானம்: ‘ஒம்பது எடுங்கம்மா’

செட்டிபாளையத்தில் இருக்கும் கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப்பில் எட்டு வருஷமாக ஆடுகிறேன். வெயிலில் ஆடித்தான் பழக்கம். பிப்ரவரியில் நானும் என் கணவரும் பழநி மலைச்சாலை வழியாகக் கொடைக்கானல் போய், முதல்முறையாகக் குளிரில் 18 குழியும் ஆடி முடித்தோம்.

தூண் பாறைக்குப் போகும் வழியில்தான் மைதானம். 1895-இல் தொடங்கிய கிளப். உறுப்பினராக இல்லாதவர்களும் கட்டணம் கட்டி ஆடலாம். ஆனால் இடத்தை நீங்களே நேரடியாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நாங்கள் தங்கிய சொகுசு விடுதியில் ‘கோல்ஃப் பேக்கேஜ்’ என்று முன்பணம் வாங்கியிருந்தார்கள். காலையில் போய் நின்றால் எங்கள் பெயரே பதிவாகவில்லை. கிளப்பில் இருந்தவர்தான் பொறுமையாகப் பார்த்து, எட்டு மணிக்கு இடம் கொடுத்தார். விடுதியிலிருந்து பணம் திரும்பி வர மூன்று வாரம் ஆனது.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். இங்கே கேடி (கூடவே பை தூக்கி வந்து யோசனை சொல்பவர்) சொல்வதைக் கேட்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்து இறங்கும் ஒரு பார் 3-இல், அதாவது மூன்று முறை அடித்து முடிக்க வேண்டிய குழியில், கொடி 120 கெஜம் தள்ளி. ஊரில் அந்தத் தூரத்துக்கு 7 ஐயர்ன் மட்டைதான் எடுப்பேன்; எண் கூடக்கூடப் பந்து போகும் தூரம் குறையும். பையில் கை வைத்ததும் கேடி, “ஏழு வேணாம்மா, ஒம்பது எடுங்க. இங்க பந்து நிக்காது, போயிட்டே இருக்கும்” என்றார். நான் கேட்கவில்லை. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனைத் தாண்டி, பின்னாலிருந்த மரங்களுக்குள் பந்து போய்விட்டது. இரண்டாவது பந்தை 9 ஐயர்னில் அடித்தேன். கொடிக்கு ஆறடியில் நின்றது! 2,100 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது, பந்தை அதிகம் தடுக்காது. அதோடு இறக்கமும் சேர்ந்தால் இரண்டு மட்டை வித்தியாசம் வந்துவிடுகிறது. கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டி பட் போடும்போதும் அவர் காட்டிய பக்கமே சரியாக இருந்தது. என் கண்ணுக்கு மேடாகத் தெரிந்த கிரீன்கள் உண்மையில் இறக்கம்.

பின்பாதியில் ஐந்தாறு காட்டுமாடுகள், குழிக்குப் போகும் புல்வெளியான ஃபேர்வேயிலேயே மேய்ந்துகொண்டிருந்தன. கேடி கையை நீட்டி எங்களை நிறுத்திவிட்டார். அவை தாமாகச் சோலைக்குள் இறங்கும்வரை இருபது நிமிஷம் மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் நின்றோம். அத்தனை பெரிய உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல. ஆட்டத்தைவிட அந்த இருபது நிமிஷம்தான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தயவுசெய்து யாரும் போட்டோ எடுக்கக் கிட்டே போகாதீர்கள், அது முட்டினால் உயிர் தங்காது. குளம்புத் தடத்தில் விழுந்த பந்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஆடலாம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

ஏற்ற இறக்கம் அதிகம். முட்டி வலி உள்ளவர்கள் 9 குழியோடு நிறுத்திக்கொள்ளலாம். புல்லில் பனி ஈரம் இருப்பதால் ஒரு ஜோடி காலுறை கூடுதலாக எடுத்துப் போங்கள். காலையிலேயே தொடங்குங்கள், நாங்கள் 16-ஆவது குழிக்கு வந்தபோது மஞ்சு இறங்கிக் கொடியே தெரியவில்லை. கேடி முன்னால் நடந்துபோய்க் கொடிக்குப் பக்கத்தில் நின்று குரல் கொடுக்க, அந்தக் குரலைப் பார்த்துத்தான் அடித்தேன்.